திருப்பிப் போட்ட நூறு

கேத்தரினிடம் "சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க" என்று யாரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை. முதல் தடவை கேட்டவர்களுக்கே பதில் மைக்கில்தான் வரும்.

திருச்சி பாலக்கரையிலிருந்து ரயில் பாதைப் பக்கமாக உள்ளே வளைந்து போனால் அவருடைய கடை. பெயர்ப்பலகையில் 'ஸ்டீபன் சவுண்ட் சர்வீஸ்' என்று இருக்கும். உள்ளே ஆம்ப்ளிஃபயர்கள், குழாய் ஸ்பீக்கர்கள், மூட்டை மூட்டையாக சீரியல் பல்புகள், ஒரு டீசல் ஜெனரேட்டர். வெளியே ஒரு குட்டியானை வண்டி. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி எல்லாவற்றுக்கும் ஒளியும் ஒலியும் இங்கிருந்து போகும். ஸ்ரீரங்கத்து வீதிகளில் வாசலை மறைக்காமல் பந்தல் விளக்கு கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அங்கே உள்ளவர்கள் சொல்வார்கள். அந்த வீட்டுக்காரர்களோடு அவர் போட்ட சண்டைகளையும் அதே மூச்சில் சொல்வார்கள்.

துறையூர்ப் பக்கம் வெங்காயம் போடும் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காட்டில் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அந்தச் சத்தத்திலேயே நின்றுவிட்டது என்பார். ஸ்டீபன்ராஜைக் கட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தபோது இருபத்திரண்டு வயது. இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இடையில் மின்வாரிய லைன்மேன், மண்டப மேனேஜர், சத்தம் அளக்க வந்த போலீஸ்காரர் என்று பகைத்துக்கொண்டவர்களுக்குக் கணக்கில்லை. அதெல்லாம் சில்லறைச் சண்டை. மொத்தச் சண்டை ஒன்றுதான், அது மேலக்கோயிலோடு.

அந்தப் பகுதியில் இரண்டு மாதா கோயில்கள். ஒன்று மேலக்கோயில், இன்னொன்று கீழக்கோயில். இடையில் நடந்தால் பத்து நிமிஷம்கூட ஆகாது. திருவிழா மட்டும் பொது. இரண்டு சப்பரங்களும் மாலையில் புறப்பட்டு, ஊரைச் சுற்றி, தண்ணித்தொட்டி முக்கில் நேருக்கு நேர் வந்து நிற்கும். மூத்த கோயிலின் சப்பரம் முதலில் முக்கைக் கடக்க வேண்டும். இளைய கோயிலின் சப்பரம் தன் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, மூத்தது கடந்து போகும்வரை இருட்டில் நிற்க வேண்டும். யார் போட்ட விதி என்று தெரியாது. மீறினால் என்ன நடக்கும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

வழக்கமாக அணைத்து நிற்பது கீழக்கோயில். கேத்தரின் கீழக்கோயில்காரர்.

மூப்பு எப்படி முடிவானது? இரண்டு கோயிலிலும் வாசல் சுவரில் அடிக்கல் உண்டு. இரண்டிலும் ஆண்டு ரோமன் எண்ணில் வெட்டியிருக்கிறது. மேலக்கோயில் கல்லில் MDCCCXXXVIII. பள்ளிக்கூடத்தில் படித்ததை மறக்காத யாரும் வாசித்துவிடலாம்: ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தெட்டு. கீழக்கோயில் கல்லில் இருப்பது CIↃIↃCCCXLI. இரண்டு இடங்களில் C திரும்பி நிற்கிறது. தலைமுறை தலைமுறையாக அதை யாரும் வாசிக்கவில்லை. "உங்க கொத்தனார் தண்ணியப் போட்டுட்டு வெட்டியிருக்கான்" என்பது மேலக்கோயில் கட்சி. "அது பூ வேலை. எங்க கோயில் அவ்வளவு பழசு, அதான் உங்களுக்குப் புரியல" என்பது கீழக்கோயில் கட்சி. லத்தீன் படித்த பங்குச் சாமியார்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். வயதைக் கேட்டால் "ரெண்டும் மாதாவோட வீடுதாம்ப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அவர்களுக்குப் புத்தி இருந்தது.

ஸ்டீபன்ராஜுக்கு அது இல்லை. தொண்ணூற்றெட்டில், தண்ணித்தொட்டி முக்கில், "அணை, அணை" என்று மேலக்கோயில் கூட்டம் கத்தியபோது அவர் சுவிட்சை இறக்கினார், கையை எடுக்காமலே ஒரு கேள்வி கேட்டார்.

"வயசு தெரியலன்னா இளையவன்னு எப்படிய்யா அர்த்தம்?"

பதிலாக ஒரு டியூப் லைட் பறந்து வந்தது. அவருடைய இடது கண் போயிற்று. யார் எறிந்தது என்று இன்றுவரை தெரியாது. இருட்டு, கூட்டம், போலீஸ் வந்தபோது யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. அதனால் மேலக்கோயில்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து எறிந்ததாகவே கேத்தரின் வைத்துக்கொண்டார். கொரோனாவில் ஸ்டீபன்ராஜ் இறந்த பிறகு கடையும் சுவிட்சும் கேத்தரின் கைக்கு வந்தன. வருஷா வருஷம் அதே முக்கில் அவரே அணைத்தார். அணைக்கும்போது வாய்க்குள் என்ன சொல்வார் என்பதை எழுத முடியாது.

இந்த ஆண்டு சண்டை கிளம்பியது ஒரு கேள்விக்குறியால்.

இரண்டு பங்குகளுக்கும் பொதுவாக ஒரு வெப்சைட் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவர் ஆஷ்லி. மேலக்கோயில்காரர், நாற்பது வயது, பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர். திருவிழாவுக்கு முன்னால் கோயில் வரலாறு என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் போட்டார். யாரோ ஒரு பழைய சாமியார் முன்பு கம்ப்யூட்டரில் சரியாகத் தட்டி வைத்திருந்த கல்லெழுத்தைப் பார்க்காமலே உள்ளே ஏற்றினார். வெப்சைட்டின் பழைய தகவல் கிடங்கு இருநூற்றுச் சொச்சம் எழுத்துகளை மட்டுமே அறிந்தது. அறியாத எழுத்து வந்தால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு அசலை மறந்துவிடும். பக்கம், தமிழில் சொன்னால், இப்படி வந்தது:

மேலக்கோயில்: MDCCCXXXVIII. ஆண்டு 1838.
கீழக்கோயில்: CI?I?CCCXLI. ஆண்டு தெரியவில்லை.

அன்று சாயங்காலமே கீழக்கோயிலுக்குப் புதுப்பெயர் வந்துவிட்டது. கேள்விக்குறிக் கோயில். டீக்கடையில், மீன் மார்க்கெட்டில், கிரிக்கெட் மைதானத்தில் எல்லாம் அதே பேச்சு. "எந்தப் பங்கு நீ?" "கீழக்கோயில்." "அப்படியா? நிச்சயமாத் தெரியுமா?"

கேத்தரின் நேராக ஆஷ்லி வீட்டு கேட்டுக்குப் போனார்.

"ஆஷ்லி தம்பி, எங்க கல்லுல கேள்விக்குறி எங்க இருக்கு? வந்து காட்டு."

"அக்கா, அந்த எழுத்து கம்ப்யூட்டர்ல கிடையாது."

"கிடையாதுன்னா?"

"கிடையாதுன்னா கிடையாது. நேரா நிக்குற C இருக்கு. உங்க கொத்தனார் பண்ணுன தப்புக்கெல்லாம் எழுத்து கண்டுபிடிக்க முடியுமா?"

"கொத்தனார் தப்பா? உங்க சூசையப்பர் சுரூபத்துக்கு ஒரு கையில ஆறு விரல் இருக்கே, அதை எந்தக் கொத்தனார் செஞ்சான்?"

"அக்கா, வீட்டுல எல்லாரும் இருக்காங்க. மெதுவாப் பேசுங்க."

"நான் மெதுவாப் பேசி நீ எப்ப கேட்டிருக்க? கல்லுல இருக்கு, கம்ப்யூட்டர்ல இல்லன்னா தப்பு கம்ப்யூட்டர் மேல. எடு அந்தக் கேள்விக்குறிய."

"எடுத்தா அங்க ஓட்டைதான் இருக்கும். இப்பவாச்சும் ஒரு கேள்வியா இருக்கீங்க."

கேட்டை அவர் அறைந்து சாத்திய சத்தம் அடுத்த தெருவரை கேட்டதாம். கேட் அவருடையது இல்லை, ஆஷ்லியுடையது.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு விளக்கு கட்ட வேண்டியிருந்தது. போகும் வழியில், சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே தாஜுதீனின் ஃபிளெக்ஸ் கடையில் வண்டியை நிறுத்தினார். தாஜுதீன் இருபத்தைந்து வருஷமாகக் கல்யாண போர்டும் கண்ணீர் அஞ்சலி போர்டும் அடிக்கிறவர். தினமும் மாறி மாறி வாழ்த்தியும் அழுதும் முகம் எதற்கும் அசையாமல் போய்விட்டது. கேத்தரின் ஒரு தாளில் கல்லெழுத்தை வரைந்து காட்டினார்.

"இதை அடிக்க முடியுமா?"

தாஜுதீன் தாளைப் பார்க்காமலே கேட்டார். "யாருக்கு அஞ்சலி?"

"உனக்கு. பாருய்யா முதல்ல."

பார்த்தார். ஒரு C-யை அடித்து, மவுஸால் பிடித்து, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டார். "இந்தா. இதுக்குப் போய் இவ்வளவு ஆவேசமா?"

"இதை வெப்சைட்ல போட முடியுமா?"

"முடியாது. இது படம், எழுத்து இல்ல. எழுத்துன்னா அதுக்கு உலகம் பூரா ஒரே நம்பர் இருக்கணும். அப்பதான் இங்க அடிச்சது அமெரிக்காவுலயும் அதேயாத் தெரியும். இதை நான் திருப்பினேன், என் கடையோட சரி."

"அப்ப இதுக்கு நம்பர் இல்லையா?"

தாஜுதீனுக்கு வேலை கிடந்தது. ஆனால் கேத்தரின் வண்டியைக் கடை வாசலை மறித்து நிறுத்தியிருந்தார். எடுக்கச் சொன்னால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். தேடினார். திரையில் கட்டம் கட்டமாக ஒரு பட்டியல் வந்தது. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் பட்டியல். அதில் ஒரு மூலையில் ரோமன் எண்கள். அந்த மூலையின் கடைசியில், நூற்றாண்டுகளாக யாரும் தொடாத சில உருப்படிகள். ↀ ஆயிரம். ↁ ஐயாயிரம். ↂ பத்தாயிரம். அவற்றை அடுத்து, தனியாக, Ↄ.

"ரெண்டு ஒண்ணு எட்டு மூணு" என்று தாஜுதீன் வாசித்தார். "பேரு, ரோமன் எண், திருப்பின நூறு."

"அப்ப இருக்கு."

"இருக்கு. யாருமே எழுதாத எழுத்து. அதுக்கும் ஒரு நம்பர் குடுத்து உக்கார வச்சிருக்கானுங்க."

"செத்தவனுக்கு ஆதார் கார்டு" என்றார் கேத்தரின். "எழுதிக் குடு."

தாஜுதீன் எழுதிக் கொடுத்தார். அந்தக் கல்லில் உள்ளதை ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம் என்று கேத்தரினுக்குத் தோன்றவில்லை. அவருக்கு வேண்டியது கேள்விக்குறி தொலைவது. திரும்பிய எழுத்து என்றால் பழைய எழுத்து, பழைய எழுத்து என்றால் பழைய கோயில். இதில் சந்தேகம் வர என்ன இருக்கிறது? காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றபோதுகூட அவர் அன்று ஹார்ன் அடிக்கவில்லை என்று உடன் போன மருதை சொல்கிறார். மருதை கடையில் கம்பம் ஏறும் ஆள். கேத்தரினிடம் இருபது வருஷம் தாக்குப்பிடித்த ஒரே ஆளும் அவர்தான்.

ஆஷ்லி எண்ணை வாங்கிக்கொண்டார். "போடுறேன்" என்றார். போட்டார். ஆனால் அந்த 2183 பதினாறு பதினாறாக எண்ணும் கணக்கில் உள்ளது. வெப்சைட்டில் எழுதும்போது எண்ணுக்கு முன்னால் ஓர் எக்ஸ் சேர்த்தால்தான் அது புரியும். சேர்க்காவிட்டால் அதே எண் வேறொரு மொழியின் வேறேதோ குறிக்குப் போய்விடும். ஆஷ்லி எக்ஸை விட்டுவிட்டார். அந்தக் குறி யாருடைய போனிலும் இல்லை. தெரியாத குறிக்கு போன் ஒரு வெற்றுக் கட்டம் காட்டும். கேள்விக்குறி இருந்த இரண்டு இடத்திலும் இப்போது இரண்டு பெட்டிகள்.

"அவசரத்துல விட்டுப்போச்சு" என்று ஆஷ்லி பிறகு சொன்னார். அதைக் கீழக்கோயிலில் யாரும் நம்பவில்லை. மேலக்கோயிலிலும் யாரும் நம்பவில்லை. அவர்கள் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். கேள்விக்குறிக் கோயில், பெட்டிக் கோயில் ஆயிற்று. "ரெண்டு பெட்டி ரெடியா இருக்கு. எப்ப அடக்கம்?" என்று கீழக்கோயிலில் பூசைக்கு உதவும் பீடப் பையன்களிடமே கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஜெபமாலை முடிந்து ஜனங்கள் தெருவில் நிற்கும் நேரம். குட்டியானை ஆஷ்லி வீட்டு வாசலில் வந்து நின்றது. மேலே நான்கு குழாய் ஸ்பீக்கர்கள், நான்கும் வீட்டைப் பார்த்து. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளையும் செருப்புகளையும் முப்பது வருஷமாக அறிவித்துப் பழகிய குரல் கிளம்பியது.

"அன்பார்ந்த பொதுமக்களுக்கு ஒரு அறிவிப்பு. கீழக்கோயிலைச் சேர்ந்த திரும்பிய C இரண்டு காணவில்லை. நிறம் கருங்கல். கடைசியாகப் பார்த்தது ஆஷ்லி அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில். ஆஷ்லி அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக வாசலுக்கு வரவும். மீண்டும் அறிவிக்கிறோம்."

மூன்றாவது அறிவிப்பில் ஆஷ்லி லேப்டாப்போடு வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. தெரு நிறைந்துவிட்டது, இரண்டு கோயில்காரர்களும்.

"அக்கா, இது நியூசென்ஸ். போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. அவரையும் மைக்ல கூப்பிடணுமா?"

ஆஷ்லி காம்பவுண்டுச் சுவர்மேல் லேப்டாப்பை வைத்துத் தட்டினார். எக்ஸைச் சேர்த்தார். பெட்டிகள் போய் எழுத்துகள் வந்தன. தெருவில் நின்றவர்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். கல்லில் இருப்பது அப்படியே. கீழக்கோயில் பக்கம் கைதட்டல் எழுந்தது.

ஆஷ்லி லேப்டாப்பை மூடவில்லை. அந்த எழுத்தைப் பற்றி வேறு ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து வாசித்துக்கொண்டிருந்தார். வாசிக்க வாசிக்க உதடு அசைந்தது. பிறகு சிரித்தார்.

"அக்கா, அந்த மைக்கைக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு?"

"மன்னிப்புக் கேக்க."

கேத்தரின் கொடுத்தார்.

"அன்பார்ந்த பொதுமக்களே" என்றார் ஆஷ்லி. அவருடைய குரல் நான்கு குழாய்களிலும் தெருவை நிறைத்தது. "ரொம்பப் பழைய ரோமன் முறையில ஆயிரத்துக்கு M கிடையாது. நடுவுல ஒரு கோடு, ரெண்டு பக்கமும் ரெண்டு வளைவு. CIↃ. அதுதான் ஆயிரம். அதுல வலது பாதிய மட்டும் எடுத்தா IↃ, ஐநூறு. அந்தக் கோடும் வளைவும் ஒட்டிக்கிட்டா நம்ம D. கொத்தனார் தப்புப் பண்ணல. கொத்தனாருக்கு என் மன்னிப்பு. இப்ப எல்லாரும் சேர்ந்து கூட்டுவோமா? ஆயிரம். ஐநூறு. முந்நூறு. நாப்பத்தி ஒண்ணு. ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தி ஒண்ணு. எங்க கோயில் முப்பத்தெட்டு. மீண்டும் அறிவிக்கிறோம். கீழக்கோயில் மூணு வருஷம் இளைய கோயில்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். "தேங்க்ஸ் அக்கா. உங்க செட் நல்ல கிளியர்."

கேத்தரின் ஆம்ப்ளிஃபயரை அணைக்கவில்லை. அணைக்க மறந்துவிட்டார். மருதைதான் அணைத்தார்.

மறுநாள் காலை கடைக்கு அற்புதசாமி வந்தார். ஸ்டீபன்ராஜின் அண்ணன், கீழக்கோயில் பங்குப் பேரவைச் செயலாளர். உட்காரவில்லை.

"ஏம்மா, நல்லா இருந்த கேள்விக்குறியக் கெடுத்துட்டியே. தெரியலன்னு இருந்தவரைக்கும் நம்ம கோயில் எவ்வளவு பழசுன்னு வேணும்னாலும் சொல்லிக்கிட்டிருந்தோம். இப்ப மூணு வருஷம் சின்னவங்கன்னு ஆயிடுச்சு."

"கல்லுல அப்படித்தானே மாமா இருக்கு."

"கல்லுல இருக்குறது யாருக்குத் தெரியும்? ஆஷ்லிகிட்டப் போயி பழையபடி கேள்விக்குறியவே போடச் சொல்லு. இல்ல, கல்லு பழுதுன்னு சொல்லி சிமெண்ட் பூசிடலாம்னு பேரவையில பேச்சு இருக்கு."

"பூசுங்க. பூசுற கொத்தனாருக்கு ஷாக் அடிச்சா என்னைக் கேக்காதீங்க. வயர் எல்லாம் அந்தச் சுவத்துலதான் ஓடுது."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல." அற்புதசாமி படியிறங்கினார். இறங்கி நின்று சொன்னார். "என் தம்பிக்குக் கண்ணு போனது இதுக்குத்தானா? மூணு வருஷம் சின்னவன்னு நிரூபிக்கவா?"

அற்புதசாமி போய் வெகுநேரம் கழித்து, காலிக் கடையில் கேத்தரின், "தெரியலன்னா இளையவன்னு எப்படிய்யா அர்த்தம்" என்று தனக்குத்தானே சொன்னார். மருதை காதில் விழுந்தது. கணவர் கேட்டதை அவர் முதல் தடவையாகச் சரியாகக் காதில் வாங்கியது அப்போதுதான் என்று தோன்றுகிறது. ஸ்டீபன்ராஜ் தாங்கள் மூத்தவர்கள் என்று சொல்லவில்லை. தெரியாமல் ஏன் அணைக்க வேண்டும் என்றுதான் கேட்டார்.

அன்று பிற்பகல் பிளைவுட் பலகை ஒன்றை இறக்கினார். மாதா படம், மயில், சிலுவை எல்லாம் பல்பில் வரவேண்டுமானால் பலகையில் ஓட்டை போட்டு ஓட்டைக்கு ஒரு பல்பு செருகுவதுதான் அவர்கள் தொழில். பென்சிலால் கோடு போட்டார். டிரில் பிடித்தார். CIↃIↃCCCXLI. ஓட்டை போடுகிறவருக்கு C எந்தப் பக்கம் பார்த்தால் என்ன? எந்த நம்பரும் தேவையில்லை, எந்த எக்ஸும் தேவையில்லை.

"அக்கா, இதை ஜெனரேட்டர் லைன்லயே சேர்த்துடவா?" என்றார் மருதை.

"வேணாம். மைக் பேட்டரியில குடு."

"தனியா எதுக்கு?"

"சொன்னதைச் செய்."

திருவிழா அன்று சப்பரத்தின் உச்சியில் பலகையைப் பார்த்ததும் அற்புதசாமி கத்தினார். "அவமானத்தை வெளிச்சம் போட்டுக் காட்டப்போறியா? இறக்கு அதை!"

"போர்டு இறங்குனா மத்த லைட்டும் சேர்ந்து இறங்கும். இன்னைக்கு முகூர்த்த நாளு. திருச்சியில வேற எவன்கிட்டயும் ஒரு பல்புகூடக் கிடைக்காது. சீக்கிரம் சொல்லுங்க, மருதை மேலதான் இருக்கான்."

அற்புதசாமி பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தார். பலகை அப்போது எரியவில்லை. இருட்டிய பிறகுதான் எரிந்தது. அப்போதும் சுற்றிலும் ஆயிரக்கணக்கில் சீரியல் பல்புகள் மினுங்கியதில் அதை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

தண்ணித்தொட்டி முக்குக்கு இரண்டு சப்பரங்களும் வந்து சேர்ந்தன. போலீஸ் கயிறு கட்டியிருந்தது. கயிறு இரண்டு பக்கமும் வளைந்து போயிருந்தது. மேலக்கோயில் கூட்டம் இந்த ஆண்டு வழக்கத்தைவிடக் குஷியாக இருந்தது. முன்வரிசையில் ஆஷ்லி. "நாப்பத்தி ஒண்ணு! நாப்பத்தி ஒண்ணு!" என்று கத்தினார்கள். பிறகு வழக்கமான கோஷம். "அணை! அணை!"

கீழக்கோயில் பையன்கள் ஜெனரேட்டரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவர் கையில் சவுக்குக் கட்டை. "அணைக்காதீங்கக்கா. என்ன ஆகுதுன்னு பார்த்துடலாம்."

"நகருடா" என்றார் கேத்தரின்.

"அக்கா, அண்ணனுக்கு..."

"அண்ணனுக்குப் பொண்டாட்டி நான். நீயா? நகரு."

ஒரு கையில் மைக், இன்னொரு கை மெயின் சுவிட்சில்.

"மேலக்கோயில்காரங்களுக்கு ஒரு அறிவிப்பு." கூட்டம் கொஞ்சம் அடங்கியது. "தொண்ணூத்தெட்டுல இதே இடத்துல என் வீட்டுக்காரரு உங்களை ஒரு கேள்வி கேட்டாரு. வயசு தெரியாம எப்படி அணைக்கச் சொல்றீங்கன்னு. உங்ககிட்ட பதில் இல்ல. கண்ணை எடுத்தீங்க. இத்தனை வருஷம் தெரியாமலே எங்களை அணைக்க வச்சீங்க. அது அநியாயம். அதுக்கு நீங்க நாசமாத்தான் போவீங்க."

கீழக்கோயில் பக்கம் விசில்.

"நீங்க ஏண்டா விசிலடிக்கிறீங்க? வயசைத் தெரிஞ்சுக்காம பூ வேலைன்னு கதை விட்ட கூட்டந்தானே நீங்க? இப்ப தெரிஞ்சுடுச்சு. மூணு வருஷம் சின்னவங்க. தெரிஞ்சு அணைக்கிறேன். இதுதான் முதல் தடவை."

சுவிட்சை இறக்கினார்.

சப்பரம் இருண்டது. கம்பங்கள் இருண்டன. மேலக்கோயில் பக்கம் எழுந்த ஆரவாரம் பாதியில் நின்றது. இருட்டுக்கு நடுவே, சப்பரத்தின் உச்சியில், தங்கள் பக்கம் வேறெந்த விளக்கும் இல்லாததால் இப்போது முக்கு முழுக்க வெளிச்சம் விழும்படி, CIↃIↃCCCXLI எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா!" ஆஷ்லி கயிற்றருகே வந்து கத்தினார். "அதையும் அணைங்க!"

"லைட்டை அணைச்சாச்சு தம்பி. அது வயசு. நீதானே ஊரைக் கூட்டி வச்சு வாசிச்சுக் காட்டுன?"

"இது ஏமாத்து வேலை!"

"அணைக்கிற மாதிரி ஒரு நம்பர் இருந்தா எழுதிக் குடு. எக்ஸைச் சேர்த்து எழுது."

மேலக்கோயில் கூட்டத்திலிருந்து ஒரு தண்ணீர்ப் பாட்டில் பறந்து வந்தது. பலகையில் பட்டு, இரண்டாவது திரும்பிய C-யில் நாலைந்து பல்புகளை உடைத்துக்கொண்டு கேத்தரின் காலடியில் விழுந்தது. கீழக்கோயில் பையன்கள் கயிற்றை நோக்கிப் பாய்ந்தார்கள். போலீஸ்காரர்கள் லத்தியைக் குறுக்கே பிடித்தார்கள்.

கேத்தரின் குனிந்து பாட்டிலை எடுத்தார். நிமிர்ந்து பார்த்தார். தொண்ணூற்றெட்டில் கீழக்கோயில் விளக்கெல்லாம் அணைந்திருந்த இருட்டில் எறிந்தவர் தெரியாமல் போனார்; இப்போது எறிந்தவர் அந்தப் பலகை வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தார். கை இன்னும் முழுசாகக் கீழே இறங்கவில்லை. பச்சைச் சட்டை. வெள்ளை வேட்டி. வெளிச்சம் நேராக முகத்தில் விழ, பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக அவரை விட்டு விலகினார்கள்.

மைக் வாய்க்கு வந்தது. முப்பது வருஷத்து அறிவிப்புக் குரல், நிறுத்தி நிதானமாக.

"ஒரு தண்ணீர்ப் பாட்டில் கண்டெடுக்கப்பட்டுள்ளது. மேலக்கோயில் முன்வரிசையில், ஆஷ்லி அவர்களுக்கு இடது பக்கம், பச்சைச் சட்டை அணிந்து நிற்பவருக்குச் சொந்தமானது. உரியவர் ஜெனரேட்டர் அருகே கேத்தரின் அவர்களிடம் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்."

யாரும் வரவில்லை.

"மீண்டும் அறிவிக்கிறோம்" என்றார் கேத்தரின்.